ஒரு மாணவர், ஒரு குரல்: வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் பாட்டு தெரிந்தவர் ஒருவர் இருந்தால், விஜயதசமிக்கு முந்தைய வாரம் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "குட்டிக்குப் பாட்டு சொல்லித் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். கர்நாடக சங்கீதத்தில் வர்ணங்களும் சில கீர்த்தனைகளும் பாடம் செய்துவிட்டு, இப்போதுதான் முதல் மாணவரை ஏற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக. கூட்ட வகுப்பைப் பற்றி இங்கே பேசவில்லை. எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் பாடம் வேறு விதம்.

சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் ஆகிய ஸ்வரப் பயிற்சிகள், பிறகு கீதம் எனும் எளிய பாட்டு என்ற வரிசையைப் புரந்தரதாசர் காலத்திலிருந்து வந்த வழியாகவே சொல்கிறோம். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சுருதியில் (ஆதார ஒலியில்) பாடுவது, எந்த வேகத்தில் பாடுவது, ஒரு வரிசையில் எத்தனை நாள் நிற்பது என்பதையெல்லாம் அந்த ஒரு தொண்டைதான் முடிவுசெய்ய வேண்டும். நம் பாலக்காட்டுப் பாரம்பரியத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மஞ்ஞப்ராவைச் சேர்ந்த எம்.டி. ராமநாதனும், கே.வி. நாராயணசாமியும் 1923இல் பிறந்தவர்கள். ஒருவர் மிகத் தாழ்ந்த சுருதியில், மெதுவான விளம்ப காலத்தில், கனத்த குரலில் பாடினார். மற்றவர் மென்மையான, சுருதியோடு கரைந்துபோகும் குரலில் பாடினார். இருவரையும் ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதி அளவில், நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் படி: பாடச் சொல்லுங்கள், கேளுங்கள்

முதல் நாள் சரளி வேண்டாம். தெரிந்த பாட்டு எதையாவது பாடச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு, பள்ளியில் பாடும் பிரார்த்தனை, கோயில் பஜனை, எதுவாக இருந்தாலும் சரி. சுருதிப் பெட்டியைப் போடாதீர்கள். குழந்தை தானாக எந்த இடத்தில் தொடங்குகிறது, மேலே போகும்போது கத்துகிறதா, வரி முடிவில் மூச்சு தீர்ந்துவிடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பாட்டு முடிந்ததும் திருத்த வேண்டாம்.

இரண்டாம் படி: சுருதி

புது ஆசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தச் சுருதியிலேயே எல்லோருக்கும் பாடம் நடத்திவிடுகிறார்கள். தங்களுக்கு அதுதான் வசதி என்பதே காரணம். அதற்கான விலையைக் கொடுப்பது மாணவர்.

சிறு குழந்தை என்றால் பெட்டியை 5 கட்டையில் வைத்துத் தொடங்குங்கள். ஷட்ஜம் (ச), பஞ்சமம் (ப), மேல் ஷட்ஜம் மூன்றையும் 'ஆ' என்று அகாரத்தில் நீட்டிப் பாடச் சொல்லுங்கள். மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது தாடை உயர்ந்து, கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். கீழ் ஷட்ஜமே காற்றாக, சத்தமில்லாமல் வந்தால் அரைக் கட்டை ஏற்றுங்கள். இரண்டு மூன்று வகுப்பு போனால் சரியான இடம் பிடிபட்டுவிடும். ஷட்ஜத்துக்கும் கீழே போகும் மந்தர ஸ்தாயி வரிசை தொடங்கும்போது இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் பாடுவார்கள். நீங்கள் 5 கட்டையில் பாடும் பெண் என்றால், அவருடைய சுருதியில் அவருக்கு ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) மேலே நீங்கள் பாட வேண்டியிருக்கும். சரளி, ஜண்டை வரை சமாளித்துவிடலாம். மேல் ஷட்ஜத்தைத் தாண்டும் தார ஸ்தாயி வரும்போது கீபோர்டிலோ வயலினிலோ வாசித்துக் காட்டுங்கள், உங்கள் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செல்போன் தம்புரா செயலி போதும். ஆனால் போனின் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாகக் கேட்காது. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பாடம் நடத்தும் விதம்

45 நிமிடம், வாரம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சில நிமிடம் நீண்ட ஷட்ஜம். அப்புறம் பழைய பாடம். இதை மாணவர் தனியாகப் பாட வேண்டும். கூடவே நீங்களும் பாடினால் உங்கள் குரல் அவருடைய பிசகை மூடிவிடும். இருவருக்கும் சரியாக இருப்பதுபோலவே கேட்கும், வீட்டுக்குப் போனதும் குழந்தை திணறும். அதனால் நீங்கள் ஒரு வரி பாடுங்கள், நிறுத்துங்கள், அவர் பாடட்டும். நீங்கள் தாளம் மட்டும் போடுங்கள்.

புதுப் பாடத்தை மாணவர் சோர்வதற்கு முன், நடுவில் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் பாட, அவர் கேட்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். சரளி பாடும் குழந்தைக்கு, இது எங்கே போய்ச் சேரப் போகிறது என்று காதால் தெரிய வேண்டும்.

நான்காம் படி: எந்த ஸ்வரம், ஏன்

"சுருதி சேரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் குழந்தைக்கு எதுவும் புரியாது. இந்தத் தொடக்கப் பாடங்களைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் பிசகு வரும் இடங்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவைதான். ரிஷபமும் (ரி) தைவதமும் (த) இங்கே சுத்த ஸ்வரங்கள். அதாவது ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் ஒட்டினாற்போல மேலே இருப்பவை. சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காது அவற்றை அரை ஸ்வரம் தூக்கிவிடும், ராகம் சங்கராபரணம் என்ற வேறு ராகத்தின் பக்கம் நழுவும்.

முழு வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து இதைத் திருத்த முடியாது. ச–ரி–ச என்று மட்டும் மெதுவாக நீட்டிப் பாடச் சொல்லுங்கள். அது நின்றதும் ப–த–ப. இந்த ராகத்தின் கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அமைப்பு உள்ளவை. ச ரி க ம எப்படியோ, ப த நி ச அப்படியே. கீழே கிடைத்த இடைவெளியை மேலே கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால் குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிடும்.

தாளத்தில் மூன்றாம் காலம் (மூன்றாவது வேகம்) தடுமாறினால், முதல் காலத்தைக் கேளுங்கள். அங்கேயே ஓடிக்கொண்டிருப்பார். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை, விரல் எண்ணும் இடத்தில் அவசரப்படாமல், பாட்டே இல்லாமல் போடவையுங்கள். ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம். அது வராமல் அலங்காரத்துக்குப் போகாதீர்கள்.

அலங்காரம் முடிந்து மலஹரி கீதத்துக்கு வரும்போது முன்பு பட்ட பாடு பலன் தரும். மலஹரி மாயாமாளவகௌளையிலிருந்து பிறந்த ஜன்ய ராகம். நிஷாதம் (நி) கிடையாது, மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அவர் ஏற்கெனவே நின்று பழகிய அதே இடங்கள். புதிதாகச் சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், மட்டும்தான் வருகிறது.

அந்தச் சாகித்யத்தை எந்த எழுத்தில் எழுதுவது என்று முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் பலர் இங்கே பள்ளியில் படிப்பது மலையாளம். தாராளமாக மலையாளத்தில் எழுதட்டும். தெலுங்கு, சமஸ்கிருத வரிகளில் உள்ள க, ச, த, ப வேறுபாடுகள் அதில் தெளிவாக நிற்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு, அந்த ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் மேலே 2, 3, 4 என்று எண் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஆளுக்கு ஒரு நோட்டு

மாணவருடைய நோட்டு வேறு, இது உங்களுடையது. வகுப்பு முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள். இப்படி:

"5½ கட்டை. ஜண்டை 3, இரண்டாம் காலம் வரை தாளம் சரி. தைவதம் மேலே போகிறது. அடுத்த வகுப்பு: ப–த–ப மட்டும், பிறகு ஜண்டை 4."

வீட்டுப் பயிற்சிக்கு மாணவருடைய சுருதியில் நீங்கள் பாடி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். ஒரு வரி நீங்கள், அடுத்த வரிக்கு இடம் காலி. தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பாடுவதால் தொண்டை கட்டுமே தவிரப் பாடம் ஏறாது. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு வீசும்போது வெந்நீர் பாட்டிலோடு வரச் சொல்லுங்கள்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும்போது பலர் பாட்டையே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். அவனிடம் முன்பே சொல்லிவையுங்கள்: குரல் இறங்கப் போகிறது, இது கெட்டுப்போவது அல்ல, வளர்வது. சுருதியை அவ்வப்போது இறக்கி, தார ஸ்தாயியைத் தொடாமல், வசதியான நாலைந்து ஸ்வரங்களுக்குள் பாடவையுங்கள். பாடமுடியாத நாட்களில் சப்த தாளங்களும் (ஏழு அடிப்படைத் தாளங்கள்) கேட்டே கற்கும் கேள்வி ஞானமும் இருக்கின்றன. வகுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கற்க வருபவர்களுக்குக் காது நன்றாகவே இருக்கும், மூச்சுதான் குறையும். வரியைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள். அலங்காரம் முடியும் முன்பே எளிய பஜனைப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதில் தவறே இல்லை.

வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஜூமில் நடத்துவதானால், சுருதிப் பெட்டி மாணவர் பக்கத்தில் ஒலிக்கட்டும். சேர்ந்து பாட முயலாதீர்கள், சத்தம் தாமதமாகத்தான் வந்து சேரும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும்.

பெற்றோர், கலோத்சவம், ஃபீஸ்

பள்ளிகளின் கலைப் போட்டி விழாவான கலோத்சவக் காலம் வந்தால், ஜண்டை பாடும் குழந்தைக்குக் கீர்த்தனை கேட்டு அம்மாக்கள் வருவார்கள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டாம். குழந்தையின் குரலுக்கு அடங்கும் ஒரு லளிதகானத்தை (மெல்லிசைப் பாட்டை) கொடுங்கள், சாஸ்திரீய சங்கீதப் போட்டிக்கு வர்ணம் முடியட்டும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். நோட்டைத் திறந்து, குழந்தை எங்கே இருக்கிறது என்று காட்டினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஃபீஸ் மாதத்துக்கு இவ்வளவு, தவறிய வகுப்புக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

வர்ணங்களைத் தாண்டி, மாணவர் இதையே படிப்பாக எடுக்க விரும்பினால் பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ வேறு குருவிடமோ அனுப்பும்போது, உங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: சுருதி என்ன, எந்தப் பாடங்கள் முடிந்தன, எந்த ஸ்வரத்தில் இன்னும் கவனம் வேண்டும், குரல் உடைந்த பையன் என்றால் எப்போது உடைந்தது. புது ஆசிரியர் சோதித்துப் பார்த்தே நாள்களைக் கழிக்க வேண்டியிருக்காது.