வீட்டு உடற்பயிற்சிக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

தண்டால் எடுக்கவும் உட்கார்ந்து எழவும் தரையும் உடம்பும் போதும். கருவி இல்லாமல் வீட்டில் சரியாகச் செய்ய முடியாதது இழுக்கிற பயிற்சிதான். தண்டால் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் மார்பும் முன்தோளும் வலுவாகும். முதுகும் பின்தோளும் பின்தங்கிவிடும். அதனால் முதல் செலவு, இழுப்பதற்கு உதவும் பொருளாக இருக்கட்டும். பலரும் டம்பெல்லில் தொடங்குகிறார்கள். எங்கள் தேர்வு ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை.

இதில் கைப்பிடி வைத்த ட்யூப், நீள வளையம், தொடையில் மாட்டும் சின்ன வளையம் என்று மூன்று வகை உண்டு. நீள வளையத்தை வாங்குங்கள். நீட்டிப் பிடித்தால் சுமார் 104 செ.மீ. இருக்கும். காலடியில் மிதித்துக்கொண்டு இழுக்கலாம், கதவில் மாட்டலாம், பின்னாளில் புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) எடுக்கும்போது முழங்காலுக்குத் தாங்கலாகவும் போடலாம். ஒன்று போதாது, முதுகுக்குப் பொருந்தும் பேண்ட் தோளுக்கு அதிகமாகிவிடும். 13, 22, 32 மி.மீ. அகலத்தில் மூன்று இருந்தால் நெடுநாள் ஓட்டலாம். உறையில் போட்டிருக்கும் கிலோ கணக்கு, பேண்டை நன்றாக இழுத்த நிலையில் வருவது. இழுக்கத் தொடங்கும்போது அதில் சிறு பங்குதான் கையில் தெரியும்.

பேண்ட் அறுவது பெரும்பாலும் விளிம்பில் ஆரம்பிக்கும். நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தாலே இழுவிசை முழுவதும் அந்த இடத்தில் குவிந்து, ஒருநாள் பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். வாரம் ஒருமுறை பேண்டைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, இரு விளிம்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, வெளுத்துப்போய் பிசுபிசுக்கும் இடமோ தென்பட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. வெயிலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். இயல்பான நீளத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்காதீர்கள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் கலக்காத பேண்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கதவில் மாட்டும்போது ஒரு தவறு நிறைய நடக்கிறது. கதவு உங்களை நோக்கித் திறக்கும் பக்கம் நின்று இழுத்தால், தாழ் நழுவிய நொடியில் கதவே மேலே வந்து மோதும். இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தோடு இறுகும் பக்கம் நில்லுங்கள். தாழும் போட்டிருக்கட்டும்.

அடுத்தது டம்பெல். ஒரு எடையை 8 முதல் 12 முறை தூக்கி, கடைசி இரண்டு முறை திணறினால் அது உங்களுக்கான எடை. 20 முறை சளைக்காமல் வந்தால் குறைவு. ஆனால் முதுகுக்கு ஒரு எடை, பக்கவாட்டில் கை உயர்த்த அதில் பாதிகூட வேண்டியிருக்காது. ஆகவே பிளேட் (எடைத் தட்டு) மாற்றக்கூடிய ஜோடிதான் வீட்டுக்குச் சரி. தண்டின் தடிமனை அளந்து வையுங்கள்: 25, 28, 50 மி.மீ. என்று பல அளவு இருப்பதால், பின்னால் வாங்கும் பிளேட் நுழையாமலோ லொடலொடவென்றோ போகும்.

பிளேட் கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு முனையில் 1.25 கிலோ போட்டால் மறுமுனையிலும் போட்டாக வேண்டும். ஆகச் சிறிய ஏற்றமே 2.5 கிலோ. 5 கிலோ தூக்குபவருக்கு அது ஒரேயடியாக 50 சதவீதம் கூடுதல், தோள் தாங்காது. அரைக் கிலோ பிளேட் நான்கு சேர்த்து வாங்கினால் ஒவ்வொரு டம்பெல்லிலும் ஒரு கிலோவாக ஏற்றலாம். திருகு நட்டின் உட்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், தூக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள். கை திரும்பத் திரும்ப நட்டு தானாகவே தளரும்.

கதவுச் சட்டத்தில் திருகி நிறுத்தும் புல்-அப் பார் வாங்குவதாக இருந்தால், சட்டம் உறுதியான மரமாகவும் பக்கங்கள் நேராகவும் இருக்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றியபடியே மெல்ல மெல்ல எடையை ஏற்றிச் சோதியுங்கள். பார் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் அங்கே தொங்காதீர்கள். சுவரில் போல்ட் போட்டு மாட்டும் வகைதான் வழி.

மேட் தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைத்து 15 மி.மீ. வாங்குகிறார்கள். படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அது சுகம். அதன்மேல் ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் ஆடும். நின்றும் படுத்தும் செய்பவருக்கு 6 மி.மீ. போதும்.

ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து இரு முனைகளையும் மேலே இழுங்கள். பிடியின் நுனி அக்குள் வரை வந்தால் நீளம் சரி. கூடுதலாக இருந்தால் கயிறு தரையில் படிந்து காலில் சிக்கும். வாங்குமுன் கையை உயர்த்திக் கூரையையும் மின்விசிறியையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். கயிறு தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் சுழலும்.