பூனை மணலைக் கொட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். பூனை வந்த முதல் மாதமே கொமட் அடைத்துக்கொண்டது. குழாய் பார்க்க வந்த பாஸ் கம்பியை விட்டு இழுத்தார். சீமெந்துக் குழைவு போலச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி வந்தது. என் வேலைதான். பூனை மலசலம் கழிக்கும் தட்டிலிருந்து அள்ளிய அரைக் கரண்டி மணல் தண்ணீரோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

கடையில் விற்கும், கட்டியாகும் மணல் பெரும்பாலும் பென்டனைட் களிமண். ஈரம் பட்டால் பல மடங்கு ஊதி ஒட்டிக்கொள்ளும். தட்டில் செய்வதைத்தான் குழாய்க்குள்ளும் செய்யும். சரி, சோயாவில் செய்யும் டோஃபு மணல் பையில் ‘கொமட்டில் போடலாம்’ என்று இருக்கிறதே? அது மணலைப் பற்றிய பேச்சு. பூனை அதில் கழித்துவிட்டுப் போனதைப் பற்றிப் பை ஒன்றும் சொல்லாது. பூனை மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள் இருக்கலாம். குளோரினுக்கு அவை அசையாது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள்தான் போகின்றன. கலிபோர்னியாக் கரையில் கடல்நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்திருக்கின்றன.

பையில் இருக்கும் ‘உக்கும்’ என்ற சொல்லிலும் இதே ஏமாற்றுத்தான். மரத்தூளும் தும்புத்தூளும் உக்கும், உண்மை. ஆனால் பல்கனி வாளியில் போடும் கூட்டெரு அந்த உறைகள் சாகுமளவுக்குச் சூடேறாது. அந்தப் பசளையை வல்லாரைச் சட்டிக்குப் போட்டு, இலையைப் பச்சையாகச் சம்பல் போட்டால்? மாநகர சபை லொறிக்குக் கொடுக்கும் உக்கும் குப்பை வாளியிலும் போடாதீர்கள், மற்றக் குப்பையோடு கொடுங்கள். முற்றம் உள்ளவர்கள் மலம் படாத, சிறுநீர் ஊறிய தும்புத்தூளை மட்டும் செவ்வரத்தை அடியில் புதைக்கலாம். கிணற்றுப் பக்கம் வேண்டாம்.

மணம் வந்தவுடன் தட்டு முழுவதையும் கொட்டுவது இன்னொரு பிழை. களிமண் உக்காது, கெரவலப்பிட்டியில் குப்பை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அங்கும் எரியாது. 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு வீடுகள் மேல் சரிந்ததைப் பார்த்த ஊர் இது. கட்டியை மட்டும் அள்ளுங்கள், அதையும் தினமும். அந்த உறைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால் தினசரி அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும்.

அள்ளியதைச் சொப்பிங் பைக்குள் பை என்று நாலு சுற்றுச் சுற்றத் தேவையில்லை. பழைய வீரகேசரியில் இரண்டு தாளை எடுத்து இறுக்கமாகப் பொதி கட்டி, ஒரே பையில் போட்டால் போதும். மழையில் வெளியே வைக்காதீர்கள், களிமண் ஊதிப் பை கிழியும். கொடுக்கும்போது பூனைக் கழிவு என்று சொல்லிவிடுங்கள், வெறுங்கையால் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், களிமண்ணிலிருந்து தும்புத்தூளுக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். நாங்கள் மாறினோம். பூனை தட்டை மணந்து பார்த்துவிட்டு நேரே உடுப்புக் கூடைக்குள் போய்க் கழித்துவிட்டது. இப்போது பழைய மணலோடு கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து வருகிறோம்.