பழைய ஏடிவியில் செயினும் ஸ்பிராக்கெட்டுகளும் மாற்றும் முறை

கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வண்டியான ஏடிவியின் செயின் ஓடி ஓடி நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஆணிகளும் அவற்றைச் சூழ்ந்த சிறு குழாய்களான புஷ்களும் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் சிறு இடைவெளி உண்டாகிறது. அவை சேர்ந்து செயினின் மொத்த நீளத்தைக் கூட்டுகின்றன. அப்படி நீண்ட செயின், தான் ஓடும் பற்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளின் பற்களையும் தன் அளவுக்கே தேய்த்துவிடுகிறது. எனவே செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களின் மேல் ஓடும் புதிய செயின் விரைவில் பாழாகும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றுவதைச் சிக்கனமாக நான் கருதுவதில்லை.

மாற்றும் காலம் வந்துவிட்டதா என்பதை அளந்தே முடிவு செய்யலாம். பல ஏடிவிகளில் உள்ள 520 வகைச் செயினில் ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரை 15.875 மி.மீ. இருக்கும், அதாவது 20 இடைவெளிகளுக்கு 317.5 மி.மீ. செயினை இறுக இழுத்துப் பிடித்து அளக்கும்போது இந்த நீளம் 324 மி.மீ.-ஐ எட்டினால் ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். அதற்குமேல் அந்தச் செயினை நம்பி ஓட்டக் கூடாது. வண்டியின் கையேடு இதைவிடக் குறைந்த வரம்பைக் கூறினால் அதையே பின்பற்றுங்கள். பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் அளக்கவே தேவையில்லை.

புதியவற்றை வாங்குமுன் பழைய செயினின் கண்ணிகளையும் இரு ஸ்பிராக்கெட்டுகளின் பற்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் முன்பு வைத்திருந்தவர் பல் எண்ணிக்கையை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முன்னால் 13, பின்னால் 40 பற்கள் இருந்தால் விகிதம் 3.08, முன்னால் ஒரு பல் குறைந்தாலே அது 3.33 ஆகி, இழுவை கூடி வேகம் குறையும்.

வண்டியைக் கழுவி, சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்புறத்தைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். பழைய செயினைக் கழற்றுவதற்கு முன்பே முன் ஸ்பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். நட்டு தளராமல் பிடிக்கும் லாக் வாஷரின் மடிந்த விளிம்பை நிமிர்த்தி, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரால் திருப்பினால், செயின் பிடித்துக்கொண்டிருப்பதால் முன் ஸ்பிராக்கெட் அமர்ந்த தண்டு சுழலாது. செயினைக் கழற்றிய பிறகு இதே நட்டோடு போராடுவது வீண் சிரமம். சில மாடல்களில் பெரிய நட்டுக்குப் பதிலாக ஒரு தகடும் இரு சிறு போல்ட்டுகளும் இருக்கும். அவை எளிதில் கழலும்.

அடுத்து, செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணியான செயின் லாக்கின் கிளிப்பை நோஸ் பிளையரால் தள்ளி எடுத்துச் செயினைக் கழற்றலாம். லாக் இல்லாத ரிவெட் செயினானால் ஆணியின் தலையைத் தேய்த்துவிட்டுச் செயின் கட்டரால் தள்ள வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டை எடுக்கப் பல வண்டிகளில் ஒரு பக்கச் சக்கரத்தையும் அதன் ஹப்பையும் கழற்ற வேண்டியிருக்கும். சிலவற்றில் பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்சிலையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

பழைய வண்டியில் இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. ஆக்சிலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அதை அப்படியே விட்டுப் புதிய ஸ்பிராக்கெட்டை மாட்டினால், அது ஒரே கோட்டில் நில்லாமல் செயினைப் பக்கவாட்டில் தேய்க்கும். முன் தண்டின் ஆயில் சீலில் கசிவு, தண்டின் வரிப்பற்களில் தேய்மானம், ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் மேலுள்ள செயின் வழிகாட்டியில் ஆழமான பள்ளம் ஆகியவற்றையும் இப்போதே கவனித்துச் சரிசெய்வது வேலையை இருமுறை செய்வதிலிருந்து காக்கும்.

பொருத்தும்போது முன் ஸ்பிராக்கெட்டின் மேடான பக்கம் பழையதில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இருக்கட்டும். லாக் வாஷரைப் புதிதாகவே போடுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கு, மரை தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கர் இட்டு, எதிரெதிராக மாறி மாறி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கண்ணிகளில் கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயினானால் லாக்கோடு வரும் நான்கு ரிங்குகளும் கிரீஸ் தடவி அதனதன் இடத்தில் அமர வேண்டும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கட்டும். செயினின் மேல் பகுதியில் பார்த்தால் அது எஞ்சின் பக்கம் இருக்கும். தலைகீழாக மாட்டினால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடலாம்.

இறுதியாகத் தொய்வு. தொய்ந்த செயின் நழுவியோ அறுந்தோ எஞ்சின் உறையையே உடைக்கக்கூடும்; அதற்காக இறுக்கமாக வைப்பதும் தவறு. முன் தண்டு, ஸ்விங் ஆர்ம் மூட்டு, ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது முன் தண்டுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மிக அதிகமாகும். வண்டி குண்டும் குழியுமான வழியில் இந்த நிலையைக் கடக்கும்போதெல்லாம் இறுக்கமான செயின் பேரிங்குகளை இழுத்துக் கெடுக்கும். எனவே அதிர்வு தாங்கியான ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஸ்விங் ஆர்மை அந்த நேர்கோட்டு நிலைக்குத் தூக்கி, அங்கும் செயினில் சிறிது தளர்வு எஞ்சுகிறதா என்று பார்ப்பதே நம்பகமான முறை. சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுகும் இடத்தை வைத்தே அளவு எடுங்கள். எக்சென்ட்ரிக் ஹவுசிங் (சுழற்றினால் ஆக்சில் முன்னும் பின்னும் நகரும் உறை) உள்ள வண்டிகளில் அதன் பிடிப்பு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹவுசிங்கைச் சுழற்றி, மீண்டும் முறையாக இறுக்க வேண்டும்.

புதிய செயின் முதல் ஓட்டத்திலேயே சற்றுப் படிந்து தளரும். திரும்பி வந்ததும் தொய்வையும் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, செயின் சூடாக இருக்கும்போதே அதற்குரிய எண்ணெயை இடுங்கள். ஓ-ரிங் செயினைக் கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். ரப்பர் கெட்டு, உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும்.