எஸ்ஜிபிடி கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் எப்படிப் படிப்பது

போன தை மாதம் ஏற்காட்டிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஈரல் போச்சாடா?" என்பதுதான் முதல் வார்த்தை. எஸ்டேட்டில் காப்பி அறுவடை முடிகிற நேரம், ஆள் கிடைக்காமல் மூன்று நாள் அவரே மூட்டை தூக்கியிருக்கிறார். நாலாம் நாள் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் லேப்காரர் எல்எஃப்டி என்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுத்துவிட்டார். எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 52. இரண்டுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்', அதாவது அதிகம். சித்தப்பா குடிக்கிறவர் இல்லை, அதனால் பயம் இன்னும் அதிகம்.

அந்தத் தாளை அவருக்கு எப்படி விளக்கினேனோ அதையே இங்கே எழுதுகிறேன். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. இதற்குக் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்று பெயர் இருந்தாலும், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. இவை செல்லுக்குள்ளே இருக்க வேண்டிய நொதிகள், செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். காப்பி மூட்டை கிழிந்து தரையில் கொட்டை சிந்திக் கிடந்தால் மூட்டை கிழிந்தது தெரியும், குடோனில் மிச்சம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று தெரியாது, அப்படித்தான் இதுவும். கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் முற்றிவிட்டால், சிந்துவதற்கே செல் குறைந்துபோய் எஸ்ஜிபிடி நார்மலாக வருவதும் உண்டு. குடோனில் மிச்சம் என்ன என்பதைச் சொல்வது கல்லீரல் செய்யும் புரதமான ஆல்புமின், அது வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமியான பிலிருபின், அப்புறம் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும், தனியாக எடுக்க வேண்டிய பிடி ஐஎன்ஆர். ஆல்புமின் 3.5-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அடுத்தது, எது கூடியிருக்கிறது என்று பாருங்கள். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது. எஸ்ஜிஓடி அப்படியில்லை, தசையிலும் இதயத்திலும் சிவப்பணுவிலும் இருக்கிறது. அதனால் மூட்டை தூக்கினாலோ, ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து முதல் வாரம் உடம்பை முறுக்கினாலோ எஸ்ஜிஓடி ஏறும், கூடவே எஸ்ஜிபிடியும் கொஞ்சம் ஏறும். சித்தப்பாவுக்கு டாக்டர் சிபிகே என்கிற தசை நொதியை எடுக்கச் சொன்னார், அதுவும் எகிறியிருந்தது. தசைதான் காரணம். பத்து நாள் மூட்டை பக்கமே போகாமல் இருந்து மறுபடி பார்த்தபோது எஸ்ஜிஓடி 34. ரத்தம் எடுத்த குழாய் மலை இறங்கும்போது ரொம்பக் குலுங்கியோ, சரியாக எடுக்காமலோ சிவப்பணு உடைந்தாலும் எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், திரும்ப எடுங்கள்.

எவ்வளவு கூடியிருக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. நார்மல் என்று சுமார் 40 வரை போட்டிருப்பார்கள், லேபுக்கு லேப் மாறும், அதனால் உங்கள் தாளில் பக்கத்துக் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை வைத்துப் பாருங்கள், அடுத்த முறையும் அதே லேபுக்குப் போங்கள். அந்த வரம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு என்றால் அவசரம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. கொழுப்புக் கல்லீரல், மது, மாத்திரை, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் கதை வேறு: வைரஸ் மஞ்சள் காமாலை, பாரசிட்டமால் அளவு மீறியது, ரத்த அழுத்தம் தடாலென விழுந்து கல்லீரலுக்கு ரத்தம் போகாதது, இப்படிச் சில காரணங்கள்தான். அன்றைக்கே மருத்துவமனை.

இரண்டுக்கும் உள்ள விகிதமும் பேசும். எஸ்ஜிபிடி பெரிதாக, எஸ்ஜிஓடி சிறிதாக இருந்தால் கொழுப்புக் கல்லீரல் பக்கம் யோசிப்பார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் முதலில் மதுவைப் பற்றிக் கேட்பார்கள். டெங்குவிலும் எஸ்ஜிஓடிதான் அதிகம் ஏறும், காய்ச்சலோடு எடுத்த ரிப்போர்ட்டை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அதே தாளில் அல்கலைன் பாஸ்படேஸ், ஜிஜிடி என்று இன்னும் இரண்டு நொதிகள் இருக்கும், அவை சேர்ந்து ஏறினால் பித்தம் போகிற வழியில் தடை இருக்கலாம், ஸ்கேன் பார்ப்பார்கள். அல்கலைன் மட்டும் ஏறியிருந்தால் எலும்பாகவும் இருக்கலாம். வளர்கிற பிள்ளைகளுக்கும், கடைசி மாதக் கர்ப்பிணிகளுக்கும் அது கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் கர்ப்பிணிக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பும் இருந்தால் அதே நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். பிலிருபின் மட்டும் 2 போல இருந்து, அதில் இன்டைரக்ட்தான் அதிகம், மற்ற எல்லாம் சரி என்றால் கில்பர்ட் என்கிற பிறவி அமைப்பாக இருக்கலாம், பட்டினி கிடந்தால் கூடும், அதனால் கெடுதல் இல்லை. சிவப்பணு உடைகிறதா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துவிடுவார்.

கொழுப்புக் கல்லீரல் என்று சொல்லிவிட்டார்களா? அப்போது தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம், அதற்கு வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைத் தட்டணுக்களால் பெருக்குங்கள், 2 லட்சம் என்றால் 200 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். வயது 50, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2 லட்சம்: 2000-ஐ 1600-ஆல் வகுத்தால் 1.25. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதே ஆளுக்கு எஸ்ஜிஓடி 80, தட்டணு 1.2 லட்சம் என்றால் 4.2 வருகிறது. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது, 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வார்கள்.

எடை குறைப்பதுதான் கொழுப்புக் கல்லீரலுக்கு நிஜமான வைத்தியம். 80 கிலோ ஆள் ஆறு முதல் எட்டு கிலோ இறங்கினால் கல்லீரலில் உள்ள கொழுப்பும் வீக்கமும் நன்றாகவே குறையும். காப்பி குடிக்கிறவர்களுக்கு இந்த நொதிகள் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம், ஏற்காட்டுக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. சர்க்கரை அள்ளிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் நம் ஆட்கள் பிபி மாத்திரையை மட்டும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், ஜிம்மில் கொடுத்த பவுடர், கொரோனா சமயத்தில் பழகிய சீந்தில் கஷாயம் இதெல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராது. சீந்திலால் கல்லீரல் கெட்ட நோயாளிகளைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் ஆறு போட்டாலே பாரசிட்டமால் ஒரு நாள் உச்ச வரம்பான 4 கிராமை நெருங்கிவிடும், அதோடு சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும். மது குடிப்பவருக்கு அந்த அளவே அதிகம். டிபி மாத்திரையால் நொதி ஏறலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, பசியின்மை, மஞ்சள் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே கொடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள், எதை நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.

கீழாநெல்லி பற்றியும் கேட்பீர்கள். ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரத்தில் தானாகவே தேறிவிடுவார்கள், கீழாநெல்லி குடித்தவரும்தான், குடிக்காதவரும்தான். அதைக் குடித்துக்கொண்டு ரத்தம் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து. கண் மஞ்சளோடு பேச்சு குழறினால், பகலில் தூங்கி இரவில் விழித்தால், ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனால், ஐஎன்ஆர் ஏறினால், பக்கத்து வீட்டில் யோசனை கேட்காமல் நேராகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ, உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள்.

அவசரம் இல்லாதவர்கள் டாக்டர் சொன்ன இடைவெளி விட்டு மறுபடி எடுங்கள். அதற்கு முன் ஒரு வாரமாவது பாரம் தூக்க வேண்டாம், மது வேண்டாம். எல்எஃப்டிக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால்தான் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள், தண்ணீர் குடிக்கலாம். டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள், சூரண டப்பா, பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேஜையில் வையுங்கள்.