என்எஸ்பி ஸ்காலர்ஷிப்: உங்கள் பெயரில் வேறு யாரும் பணம் எடுக்காமல் விண்ணப்பிப்பது எப்படி?

முதல் வருடம் காலேஜில் சேர்ந்து, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலை (என்எஸ்பி) முதல் தடவை திறப்பவர்களுக்கு இது. "ஆதாரையும் போனையும் கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் முன்வருவார். கொடுக்காதீர்கள். 2023-இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 நிறுவனங்களில் மோசடி தெரியவந்தது. சுமார் 144 கோடி ரூபாய் போயிருந்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போனது. இப்போது பதிவு செய்யும்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டச் சொல்வது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது.

முதல் வேலை: வங்கிக் கணக்கு

எல்லோரும் இதைக் கடைசியில் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பாருங்கள். பாஸ்புக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதை என்பிசிஐ மேப்பர்தான் (எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று தேசிய கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் பட்டியல்) தீர்மானிக்கிறது. அதில் ஒரு ஆதாருக்கு ஒரே வங்கிதான். கடைசியாக எது சேர்க்கப்பட்டதோ அது. யாரோ உங்களைக் கூட்டிப்போய்ப் புதுக் கணக்கு திறந்து அதையே சேர்த்துவிட்டு, ஏடிஎம் கார்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் பணம் அவருக்குத்தான்.

மைஆதார் தளத்தில் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள், அதாவது அந்தப் பட்டியலில் உங்கள் ஆதாரோடு எந்த வங்கி சேர்ந்திருக்கிறது என்று. உங்கள் வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் இருந்தால் சரி. வேறு வங்கியின் பெயர் வந்தால், உங்கள் கிளைக்குப் போய் "டிபிடிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் வருவதற்கு) ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று கேட்டு, ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்து: ஓடிஆர் (ஒருமுறைப் பதிவு)

போர்ட்டல் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் சொந்த மொபைல் எண்ணில் பதிவு செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் அண்ணாவின் எண்ணைப் போட்டால், அப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைத் தேட வேண்டும். ஆதார் சரிபார்ப்பு முடிந்ததும் ரெஃபரன்ஸ் எண் வரும். பிறகு ஆண்ட்ராய்டு போனில் என்எஸ்பி ஓடிஆர், ஆதார் ஃபேஸ்ஆர்டி (முகத்தைச் சரிபார்ப்பது) இரண்டு செயலிகளையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே (செயலிக் கோப்பு) வேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து ஸ்கேன் செய்தால் 14 இலக்க ஓடிஆர் எண் கிடைக்கும். படிப்புக் காலம் முழுவதற்கும் அந்த ஒன்றுதான்.

விண்ணப்பம்

பெயர், பிறந்த தேதி, வருமானச் சான்றிதழ் எல்லாம் ஒத்துப்போகட்டும். கல்லூரியின் நோடல் ஆபீசர் (ஸ்காலர்ஷிப் பொறுப்பாளர்) முதலில் சரிபார்ப்பார். அடுத்த கட்டச் சோதனை மாவட்டத்திலோ மாநிலத்திலோ அமைச்சகத்திலோ நடக்கும். 'டிஃபெக்டிவ்' (குறை இருக்கிறது) என்று திரும்பி வந்தால் பதற வேண்டாம், திருத்தி மறுபடி அனுப்பலாம், கடைசித் தேதிக்குள். இந்தப் போர்ட்டலில் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. "வெரிஃபிகேஷன் ஃபீஸ்" என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மைஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடலாம். பூட்டியிருக்கும்போது முகச் சோதனையும் வேலை செய்யாது. தேவைப்படும் அன்று திறந்துகொள்ளுங்கள்.