முன்னாய்வு அத்தியாயத்தைக் கோவையாக எழுதுவது எப்படி? பள்ளி மதிய உணவை வைத்து ஒரு செய்முறை

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமான முன்னாய்வை, அதாவது அந்தத் தலைப்பில் இதற்கு முன் வந்த ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை, மாணவர்கள் என்னிடம் கொண்டு வந்தால், பென்சிலை எடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் வட்டமிடுவேன். பெரும்பாலும் வட்டத்துக்குள் விழுவது ஆட்களின் பெயர்தான். இன்னார் (2003) இப்படிக் கண்டறிந்தார், இன்னார் (2010) அப்படிக் கண்டறிந்தார் என்று இருபது பேருக்கு இருபது பத்தி. பையன் உண்மையாகவே உழைத்துப் படித்திருப்பான், அது தெரியும். ஆனால், ‘சரி, இந்த விஷயத்தில் இதுவரை என்ன முடிவாகியிருக்கிறது, எதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது?’ என்று கேட்டால் அதற்கான பதில் அந்தப் பக்கங்களில் இருக்காது. ‘ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்’ என்று நெறியாளர் கேட்பது அந்தப் பதிலைத்தான்.

எப்படி எழுதுவது என்பதை ஒரே தலைப்பை வைத்துக் கடைசிவரை பார்த்துவிடலாம். பள்ளியில் போடும் மதிய உணவு. எம்.எட்., பொருளியல், சமூகப்பணி என்று எந்தத் துறை மாணவரும் எடுக்கக்கூடிய தலைப்பு இது.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘மதிய உணவுத் திட்டமும் கல்வியும்’ என்று வைத்தால் உலகத்தில் உள்ள எல்லாக் கட்டுரையும் பொருத்தமாகத்தான் தெரியும். ‘பள்ளியில் சாப்பாடு போட்டால் கூடுதல் பிள்ளைகள் சேர்கிறார்களா, சேர்ந்த பிள்ளைகள் தினமும் வருகிறார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். எதைப் படிக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்பது அப்போதே பாதி தெளிவாகிவிடும். இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: தேடுதல்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரே சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு ‘ஒன்றுமே கிடைக்கவில்லை’ என்று வருவார்கள். இந்தத் திட்டத்துக்கே எத்தனை பெயர் பாருங்கள். ‘மிட் டே மீல்’ என்பதைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் நடுவில் கோடு போடுவார்கள். தமிழ்நாட்டைப் பற்றிய கட்டுரைகளில் ‘நூன் மீல்’ என்று வரும், வெளிநாட்டு இதழ்களில் ‘ஸ்கூல் ஃபீடிங்’ என்று வரும். 2021இல் ஒன்றிய அரசு ‘பிஎம் போஷண்’ என்று பெயரை மாற்றிவிட்டது. எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கீழே ‘சைட்டெட் பை’ என்று இருப்பதை அழுத்துங்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் எழுதியவர்கள் அங்கே வரிசையாக இருப்பார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது, இலவசம்.

மூன்றாம் படி: அட்டவணை

இதைத் தவிர்த்துவிட்டு நேரே எழுத உட்காராதீர்கள். எக்செல்லோ நோட்டோ, ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. யார், எந்த ஆண்டு, எங்கே, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், என்ன கண்டார்கள். இதோடு நான் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லும் நெடுவரிசை ஒன்று உண்டு: இவர்கள் ‘மதிய உணவு’ என்று சொல்வது எதை?

காரணம் இருக்கிறது. தேசிய அளவில் திட்டம் 1995இல் தொடங்கியபோது பல மாநிலங்கள் சமைத்த சாப்பாடு போடவில்லை, தானியத்தை அளந்து வீட்டுக்குக் கொடுத்தன. சமைத்துத்தான் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பர் 28இல். அதன் பிறகும் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடங்கின. தமிழ்நாட்டிலோ 1982லேயே சத்துணவு வந்துவிட்டது, அதற்கும் முன்னால் காமராசர் காலத்து மதிய உணவு. ஆக, 1990களின் பிற்பகுதித் தரவை வைத்து ஒருவர் ‘மதிய உணவு’ என்று எழுதினால் அது கோதுமை மூட்டையா, தட்டில் விழுந்த சோறா என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் அத்தியாயம் அங்கேயே குழம்பிவிடும்.

நான்காம் படி: பிரித்து அடுக்குதல்

அட்டவணையை இப்போது பெயர் வரிசையிலோ ஆண்டு வரிசையிலோ பார்க்காதீர்கள். கேள்வி வாரியாகப் பிரியுங்கள். சேர்க்கை பற்றிப் பேசுபவை ஒரு பக்கம், தினசரி வருகை ஒரு பக்கம், ஊட்டம் ஒரு பக்கம், கற்றல் ஒரு பக்கம். ஒரே கட்டுரை இரண்டு பக்கத்திலும் வரலாம், வரட்டும். நம் கேள்வி சேர்க்கையும் வருகையும்தான். மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: பத்தியை எழுதுதல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

“டிரேஸ், கோயல் (2003) மூன்று மாநிலங்களில் 81 பள்ளிகளை ஆய்ந்து, சேர்க்கை கூடியதாகக் கூறினர். அஃப்ரிதி (2011) மத்தியப் பிரதேசத்தை ஆய்ந்து, சிறுமிகளின் வருகை கூடியதாகக் கூறினார். ஜெயராமன், சிம்ரோத் (2015) சேர்க்கை கூடியதாகக் கூறினர்.”

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று மறைந்துவிட்டது. அஃப்ரிதி வருகையை மட்டும் பார்க்கவில்லை, சேர்க்கையையும் பார்த்தார். அதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றார். அதாவது மற்ற இரண்டு ஆய்வுகளுக்கும் இவருடைய ஆய்வுக்கும் முடிவு ஒத்துப்போகவில்லை. பட்டியல் போட்டு எழுதும்போது இந்த முரண் கண்ணில் படாமலே போகிறது. ஒரு கேள்வியை முன்னால் வைத்து எழுதினால் தானாக மேலே வரும்:

“பள்ளி உணவு சேர்க்கையைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உணவு தொடங்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த எண்ணிக்கையை ஒப்பிட்டவர்கள் தெளிவான உயர்வைக் கண்டனர் (டிரேஸ், கோயல் 2003). மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் தொடங்கியதைப் பயன்படுத்தி, நாடு தழுவிய பள்ளித் தரவை ஆய்ந்தவர்களும் உயர்வையே கண்டனர், அதுவும் முக்கியமாகக் கீழ் வகுப்புகளில் (ஜெயராமன், சிம்ரோத் 2015). ஆனால் தானியம் கொடுப்பதிலிருந்து சமைத்த உணவுக்கு மாறிய மத்தியப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் சேர்க்கை குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. அங்கே மாறியது வருகை: முதல் வகுப்புச் சிறுமிகளின் மாத வருகை விகிதம் 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது (அஃப்ரிதி 2011).”

ஆட்கள் அடைப்புக்குறிக்குள் போய்விட்டார்கள், விஷயம் முன்னால் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதும் ஓரிரு சொற்களில் இருக்கிறது. அது இல்லாமல் ஏன் முடிவுகள் மாறுகின்றன என்று வாசகருக்குப் புரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பத்தி சேர்க்கையில் தொடங்கி வருகையில் முடிகிறது. அடுத்த பத்தியை வருகையிலிருந்து தொடங்கலாம். ‘மேலும்’, ‘அதேபோல்’, ‘இது தவிர’ என்று ஒட்டுப்போட வேண்டிய தேவையே வராது. பத்திக்குப் பத்தி ‘மேலும்’ வந்தால் அடுக்குவதில் எங்கோ தவறு என்று எனக்குப் படும், நான்காம் படிக்குத் திரும்பச் சொல்வேன்.

சொந்த நடையில் எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அட்டவணையை மட்டும் பார்த்து எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டி 40 சதவீதம் வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைக்கச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிய வாக்கியத்தை வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் விளக்கச் சொன்னால் மாணவர் தடுமாறுகிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஆறாம் படி: உங்கள் இடத்தைக் காட்டுதல்

அத்தியாயத்தின் கடைசியில் ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று எழுதாதீர்கள். அதை நிரூபிக்க முடியாது, ஒரே ஒரு கட்டுரையைத் தேர்வாளர் எடுத்துக் காட்டினால் போதும். மேலே எழுதியவற்றிலிருந்தே இடைவெளி பிறக்க வேண்டும். நம் மூன்று ஆய்வுகளும் அடிப்படையில் கேட்டது, சமைத்த உணவு இல்லாத பள்ளியில் அது வந்தால் என்ன ஆகும் என்றுதான். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இங்கே நிலைமை வேறு. அத்தியாயத்தின் கடைசி வரிகள் இப்படி அமையலாம்:

“மேற்கண்ட ஆய்வுகள் சமைத்த உணவு இல்லாத நிலையோடு மதிய உணவை ஒப்பிட்டவை. மதிய உணவு ஏற்கெனவே வேரூன்றிய பள்ளிகளில் காலை உணவும் சேரும்போது முதல் வகுப்பு மாணவிகளின் வருகை மாறுகிறதா என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.”

எழுதி முடித்ததும் அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, விஷயம் தெரியாத ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரியில் அவர் நின்று ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கிறாரோ, அந்தப் பத்தியை இடம் மாற்றிப் பாருங்கள்.