எலும்புப் பெட்டி உங்கள் பொறுப்புக்கு வந்தால்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேகரிப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மானிடவியல் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள், “பூர்வகுடிகளின் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆராய்ச்சி என்ன ஆகும்?” என்று கேட்பார்கள். ஆராய்ச்சி நடக்கும். வேலையை எங்கே தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

முதலில், பெட்டியைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். சேர்ந்த புதிது. பழைய அட்டைப்பெட்டிக்குள் மண்டையோடு. நெற்றியில் கறுப்பு மையில் ஓர் எண். ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் புது பிளாஸ்டிக் பைகளில் போட்டேன். பிறகு வந்த பழங்குடிப் பெரியவர் பைகளைப் பார்த்துவிட்டு, “இவர்களுக்கு மூச்சு முட்டுமே” என்றார். அன்று மாலையே பருத்தித் துணிக்கு மாற்றினோம். நெற்றி மையை அழிக்கலாமா என்பதைக்கூட அவரிடம் கேட்டுத்தான் செய்தோம்.

ஆகவே முதல் நாள் வேலை காகிதத்தோடுதான். எந்த இடம், எந்த ஆண்டு, யார் தோண்டியது என்பது பதிவேட்டிலும் பழைய கடிதங்களிலும் இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் பூசியதாகக் குறிப்பு கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். நாளை கையில் வாங்கப்போகிறவர்களுக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்தது கேட்பது. பூர்வகுடிகளின் எலும்புகளை அவர்களிடமே ஒப்படைக்கச் சொல்லி 1990-இல் வந்த அமெரிக்கச் சட்டம் நாக்ப்ரா. அதன் புது விதிகள் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. உரிய பழங்குடியின் முன்அனுமதி இல்லாமல் ஆய்வும் கூடாது, காட்சிக்கு வைப்பதும் கூடாது. அதற்காக ஆய்வுத் திட்டத்தை முழுசாக எழுதி முடித்துவிட்டு கையெழுத்துக்கு நீட்டாதீர்கள். வெறுங்கையோடு போய் உட்காருங்கள்.

1996 ஜூலையில் இரண்டு இடங்களில் எலும்புகள் கிடைத்தன. அலாஸ்காவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக் குகையில் கிடைத்ததும், வனத்துறைத் தொல்லியலாளர் ஒருவர், கிளவாக், கிரெய்க் என்ற ஊர்களில் இருக்கும் டிலிங்கிட் பழங்குடி மக்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் கூடிப் பேசி, நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். எலும்புக்குரியவர் 10,000 ஆண்டுக்கும் முந்தியவர், கடல் உணவில் வாழ்ந்தவர் என்பது தெரிந்தது. பல்லிலிருந்து மரபணுவும் கிடைத்தது. ‘ஷுகா கா’ என்று பெயர் வைத்து 2008-இல் அடக்கம் செய்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் ‘கென்னவிக் மனிதர்’ என்று பெயர் பெற்றவரின் பழங்கால எலும்புகள் கிடைத்ததும் அதே மாதம்தான். பழங்குடிகள் அடக்கம் செய்யக் கேட்டார்கள், விஞ்ஞானிகள் ஆராயக் கேட்டார்கள். அது வழக்கானது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஞ்ஞானிகள் பக்கம் நின்றது. ஆனால் அவர் யாருடைய மூதாதை என்ற கேள்விக்கு 2015-இல் வந்த மரபணு முடிவில், கால்வில் பழங்குடி மக்கள் தாங்களாகக் கொடுத்த மாதிரிகளுக்கும் பங்கு உண்டு. 2017 பிப்ரவரியில்தான் அவர் மண்ணுக்குப் போனார். ஒரே மாதம் தொடங்கி, ஒன்பது ஆண்டு வித்தியாசம்!

சம்மதம் கிடைத்தால் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: எந்த எலும்பு, எத்தனை மில்லிகிராம், மிஞ்சிய தூள் யாரிடம் போகும், தரவை யார் பார்க்கலாம், கட்டுரையை முதலில் யாருக்குக் காட்டுவது. அரிசோனாவில் ஹவசுபாய் மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போனது. 2010-இல் பல்கலைக்கழகம் அவர்களுக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தரவேண்டி வந்தது.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். “தொடாமல் ஒரு சி.டி. ஸ்கேன் மட்டும்” என்று ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து வைப்பதும் ஆய்வுதான். நான் பார்த்தவரை, நேர்மையாகக் கேட்டவர்களுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் அதை நம்பிக்கொண்டு கேட்காதீர்கள்.

ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே கட்டட அலுவலகத்தில் சொல்லிப் புகை அலாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சடங்குக்காக சேஜ் என்ற மூலிகை இலையைப் புகைய விடுவார்கள். ஒருமுறை நான் மறந்துபோய், பிரார்த்தனைக்கு நடுவே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கேமரா வேண்டாம். பின்வாசலை ஒட்டி வண்டி நிறுத்த இடம் பிடித்து வையுங்கள். பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டால் தூக்குங்கள். கூப்பிடாவிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.